பாட்டு கேட்டால் போன ஞாபகம் திரும்புமா?

கேள்வி, 18 ஜூலை 2024

என் தம்பிக்கு 31 வயது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் 9 வருஷம். போன மார்ச்சில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான். ஆனால் சொன்னது ஐந்து நிமிஷம் மனசில் நிற்பதில்லை. அப்பா இப்போது தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டாகப் போடுகிறார். கேட்கக் கேட்க ஞாபகம் திரும்பும் என்று யாரோ சொன்னார்களாம். நிஜமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

19 ஜூலை 2024

திரும்பாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பாவை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நான் தவில்காரன், கும்பகோணம் பக்கம். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக மேளம்தான். என் மகனும் 7 வயதில் குச்சி பிடித்தவன். 2006இல், 19 வயதில், வீட்டைவிட்டுப் போய் ஒரு மெல்லிசைக் குழுவில் பேடு, அதாவது குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம், வாசிக்கச் சேர்ந்துவிட்டான். 15 வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. 2021 டிசம்பரில் ஒரு பெண் போன் செய்து, "மாமா, நான் உங்க மருமக பேசுறேன்" என்றாள். அவனுக்குக் கல்யாணம் ஆனதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

நான்கு நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற வலி, அப்புறம் பிதற்றல். கூட வாசிக்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்து அறையில் படுக்கவைத்துவிட்டார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. ஹெர்ப்பிஸ் என்கிற கிருமி மூளைக்குள் போய்விட்டது என்றார்கள். அசைக்ளோவிர் மருந்தை 21 நாள் நரம்பு வழியாக ஏற்றினார்கள். நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கமாகக் கடல்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பாகம் இருக்கிறதாம். நடக்கிறதையெல்லாம் பதிந்து வைப்பது அதன் வேலை. இந்தக் கிருமி பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் தாக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அது கெட்டால் புதிதாக எதுவும் தங்காது. நோய்க்கு முந்தின சில வருஷங்களும் சேர்ந்து அழியும். என் மகனுக்கு ஏறக்குறைய 17 வயதோடு எல்லாம் நின்றுவிட்டது.

நான் வார்டுக்குள் போனதும் என் தலையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டது: "என்னப்பா, கூடு ஒட்டுற மாவைத் தலையில கொட்டிக்கிட்டீங்களா?"

தவில்காரன் வலது கை விரல்களில் மாவுப்பசையும் துணியும் சுற்றிக் கூடு போட்டுக்கொள்வான். என் நரையைப் பார்த்து அதைச் சொன்னான். பிரிந்துபோனதே அவனுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன், வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

20 ஜூலை 2024

நேற்று பாட்டைப் பற்றிச் சொல்லாமலே தூங்கப் போய்விட்டேன்.

மூன்றாவது ராத்திரி அவன் ஊசிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். கையைக் கட்டிப்போடப் போகிறோம் என்றார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கட்டில் கம்பியில் மெதுவாகத் தட்டி, "தகதிமி தகஜொணு" என்று காதோரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். குழந்தைப் பாடம். இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் அவன் வலது கை நடுவிரல் போர்வையில் தட்டியது. அப்புறம் நான்கு விரலும். கண் மூடித்தான் இருந்தது. நான் வேண்டுமென்றே ஒரு சொல்லை விட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் அவன் விரல் விடாமல் தட்டிவிட்டுப் போனது.

அன்றைக்கு அவன் கையைக் கட்டவில்லை.

22 ஜூலை 2024

"எந்தப் பாட்டு? அப்பாவுக்குப் பிடித்ததா, தம்பிக்குப் பிடித்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்குப் பிடித்ததுதான். அவனுடைய 12 வயதிலிருந்து 20, 22 வயதுக்குள் ஓடின பாட்டு. அந்த வயதில் கேட்டது எல்லோருக்குமே ஆழமாக உட்கார்ந்துவிடுகிறது. என் மகனுக்கு ரஹ்மான், யுவன், வித்யாசாகர். ஒரே எம்பி3 சிடியில் நூறு பாட்டு அடைத்து விற்ற காலம். மருமகளும் நானும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அவன் என்ன கேட்பான் என்றே எனக்குத் தெரியவில்லை. தலையணைக்குள் ரேடியோவை வைத்துக் கேட்பான் என்பது மட்டும் தெரியும்.

ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு போதும். சத்தம் குறைவாக இருக்கட்டும். முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, பாட்டு முடிந்ததும் "இது எந்தப் படம்? நான் யாரு? நேத்து யார் வந்தா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். நான் வைத்தேன். பதில் வராதபோது அவன் முகம் விழுந்துபோகும். அந்த வருத்தம் மட்டும் அரைநாள் நிற்கும், எதற்கு வருத்தம் என்பது நிற்காது.

இன்ன ராகம் கேட்டால் மறதி குணமாகும் என்று ஒருவர் அட்டவணை போட்டிருக்கிறார். ஐயா, நாற்பது வருஷமாக ராகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். நீலாம்பரி கேட்டுத் தூங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன மூளைப்பகுதி ராகத்தால் உயிர் பெற்றதைப் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எதையும் நம்பத் தயாராக இருக்கிற நேரம் இது. பார்த்து எழுதுங்கள்.

25 ஜூலை 2024

கிளைவ் வேரிங் பற்றி எழுதியவருக்கு நன்றி. பேரனை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லி முழுதும் கேட்டேன். இங்கிலாந்து இசைக்காரர். 1985இல் இதே கிருமி. அரை நிமிஷம்கூட நினைவு தங்காத நிலை. மனைவி அறைக்குள் வரும்போதெல்லாம் பல வருஷம் கழித்துப் பார்ப்பது போல் கட்டிக்கொள்வாராம். ஆனால் பியானோ முன்னால் உட்காரவைத்தால் கைகள் பிசகாமல் வாசிக்கும். பாடகர் குழுவை நடத்தவும் செய்வார். வாசிப்பு முடிந்ததும் மறுபடி ஒன்றும் இல்லை.

இதைத்தான் எங்கள் டாக்டரும் சொன்னார். 'என்ன நடந்தது' என்பது ஒரு இடம், 'எப்படிச் செய்வது' என்பது வேறு இடம். சைக்கிள் ஓட்டுவது, நீச்சல், விரல் வாசிக்கிற தவில் சொல் எல்லாம் இரண்டாவதில் இருக்கின்றன. அங்கே கிருமி போகவில்லை.

எங்கள் பெரியவர்கள் "பாடம் கையில ஏறணும்" என்பார்கள். நானும் பிள்ளைகளைத் திட்டும்போது சொல்லியிருக்கிறேன். அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

30 ஜூலை 2024

சின்னக் குறிப்பு. இன்று ஒரே காபியை மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் "இன்னைக்கு முதல் காபி, நல்லா இருக்கு" என்றான்.

4 ஆகஸ்ட் 2024

"அவ்வளவு பாசமான அப்பாவை விட்டு ஏன் போனான்?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். முதல் நாளே நான் முழுசாக எழுதவில்லை. மெல்லிசைக்கு ஆசைப்பட்டுப் போனான் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது பொய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

2006 வைகாசி, ஒரு கல்யாணக் கச்சேரி. நானும் அவனும் இரட்டைத் தவில். தனி ஆவர்த்தனம் வாசித்து, இரண்டு பேரும் சேர்ந்து கோர்வை என்கிற முடிப்புக் கணக்கை வைத்து ஒரே இடத்தில் முடிக்க வேண்டும். நான் ஒரு இடத்தில் முடித்தேன், அவன் வேறு இடத்தில் முடித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் தவில் குச்சியால் அவன் இடது கை முட்டியில் அடித்தேன். பூவரசங்குச்சி. ஒருமுறை இல்லை, மூன்று முறை. மேடையில், பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், சக வித்வான்கள் எல்லோர் முன்னாலும். அடுத்த பாட்டுக்கு அவன் வாசித்தான். ரத்தம் தவில் துணியில் பட்டிருந்தது. மறுநாள் காலையில் வீட்டில் இல்லை.

இப்போது சொல்ல வந்தது இது. அவன் அதை மறந்துவிட்டான். ஆனால் நான் குச்சியைக் கையில் எடுத்தால் அவன் இடது கை விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. பேசிக்கொண்டே இருப்பான், சிரித்துக்கொண்டே இருப்பான், கை மட்டும் தானாக வேட்டிக்குள் போகும். "ஏண்டா?" என்றேன். "குளிருதுப்பா" என்றான். சித்திரை மாசம்.

டாக்டரிடம் சொன்னேன். ஜெனீவாவில் கிளாபரேட் என்று ஒரு மருத்துவர் 1911இல் எழுதிய விஷயத்தைச் சொன்னார். அவரிடம் இருந்த ஒரு பெண்ணுக்கு எதுவும் நினைவில் தங்காது; தினமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒருநாள் விரல்களுக்கு நடுவில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். அடுத்த தரம் அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

டாக்டர் இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். பேருந்தில் வரும்போது என் கையிலேயே குண்டூசி இருக்கிற மாதிரி இருந்தது.

5 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதற்குச் சிலர் கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான். "எங்கள் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள்" என்று எனக்காகப் பரிந்து பேசியவருக்கு: என் வாத்தியாரும் அடித்தார். சபையில் அடித்ததில்லை.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மகன் கிடைத்தான். அவளுக்குப் புருஷன் போனான். அவனுக்கு 17 வயதோடு நின்றுவிட்டதால் அவளைத் தெரியாது. முதல் ஆறு மாதம் "அக்கா" என்று கூப்பிட்டான். அந்தப் பெண் ஒரு தையல் கடையில் வேலை பார்த்து வீட்டையும் ஓட்டிக்கொண்டு, "அக்கா தண்ணி கொடுங்க" என்றால் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இதைப் படிக்கிற அப்பா அம்மாக்கள் உங்கள் மருமகள் பக்கத்திலும் கொஞ்சம் உட்காருங்கள்.

11 ஆகஸ்ட் 2024

ஆடியில் கல்யாணம் இல்லை, கையில் நேரம் இருக்கிறது. பேடு கதையை எழுதிவிடுகிறேன்.

2022 கடைசியில் மருமகள் அவன் பேடை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தக் கருவியைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. அவள் கேட்கவில்லை. போனில் 2010க்கு அப்புறம் வந்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டாள். "இது என்ன புதுப்பாட்டு?" என்றான். ஆனால் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அவன் குச்சி இரண்டும் அந்தரத்தில் நின்றன. பாட்டு தொடங்கியதும் இறங்கின. தெரியாத பாட்டில் எப்படி நிற்க முடியும்? நூறு மேடையில் வாசித்திருக்கிறான். அவனுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

அந்த மெல்லிய குச்சிகளுக்கு அவன் விரல் மடங்கவில்லை என்பதையும் அன்றைக்குக் கவனித்தேன்.

பாட்டு முடிந்த பிறகு சும்மா தனியாக வாசித்தான். முடிக்கும்போது ஒரு கணக்கு வைத்தான். எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. அது எங்கள் வீட்டுக் கோர்வை. என் தாத்தா போட்டது. "இதை எப்பவும் வாசிப்பாராம்மா?" என்று கேட்டேன். "தனி வாசிச்சா இதுலதான் முடிப்பார் மாமா. வீட்டுக் கணக்குன்னு சொல்வார்" என்றாள். 15 வருஷமாகத் திருவிழா மேடைகளில், சினிமாப் பாட்டுக்கு நடுவில், என் தாத்தாவின் கணக்கு போயிருக்கிறது. நான் ஒருநாள்கூடப் போய்க் கேட்டதில்லை.

12 ஆகஸ்ட் 2024

கணக்கைக் கேட்டிருக்கிறீர்கள். ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை (தாளத்தின் சின்ன அளவு). முதல் பாகம் 15. அப்புறம் ததிங்கிணதொம், அது 5, மூன்று தரம், ஆக 15. அந்த மூன்றுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் கார்வை, அதாவது இடைவெளி, விட வேண்டும். ஒவ்வொரு மாத்திரை விட்டால் மொத்தம் 32, சமத்துக்கு, அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்துக்கு வரும். இரண்டிரண்டு விட்டால் 34, சமத்தைத் தாண்டி இரண்டு மாத்திரை, அதாவது அரை இடத்து எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடம்) வரும். பாட்டு அங்கே எடுப்பாக இருந்தால் அதுதான் அழகு.

அன்றைக்குக் கல்யாணத்தில் நான் ஒன்று விட்டேன், அவன் இரண்டு விட்டான். அதுதான் சண்டை.

18 ஆகஸ்ட் 2024

இதை எழுத ஆறு நாள் ஆயிற்று.

மேலே கணக்கைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: "பாட்டு அரை இடம் என்றால் மகன் வாசித்தது எப்படித் தப்பு?" சமத்துக்கு முடிப்பதாகத்தான் பேச்சு, அவன் மீறினான் என்று பதில் எழுதத் தொடங்கினேன். அனுப்பவில்லை. அன்றைக்கு நாயனம் வாசித்த அண்ணன் இன்னும் இருக்கிறார், 78 வயது. பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "வேன்ல வர்றப்ப நீதானேடா சொன்னே, எடுப்புக்கு வைப்போம்னு. தம்பி தொடையில தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு வந்தான். மேடையில பழக்கத்துல நீ சமத்துக்குப் போயிட்டே. நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். நீ குச்சியை எடுத்துட்டே."

எனக்கு அந்த வேன் ஞாபகத்தில் இல்லை. இப்போதும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் நான் சொன்னதாக வரவில்லை. ஆனால் அண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. மகன் 15 வருஷமும் இரண்டு மாத்திரைக் கார்வை வைத்துத்தான் முடித்திருக்கிறான். மருமகள் போனில் இருந்த நான்கு வீடியோவையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு.

6 செப்டம்பர் 2024

ஆவணி முகூர்த்தம், நாள் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டீர்களா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டேன். திண்ணையில் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். "உன் கணக்குதாண்டா சரி, நான்தான் தப்பு" என்றேன். முட்டியைத் திருப்பிப் பார்த்தான். "அடிச்சீங்களாப்பா? எல்லார் முன்னாடியுமா?" என்றான். அழுதான். அப்புறம் "சரி விடுங்கப்பா" என்றான். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்து, "ஏம்ப்பா கண்ணு கலங்கியிருக்கு?" என்றான்.

மறுநாளும் சொன்னேன். அதற்கு அடுத்த நாளும். அவன் மன்னித்தது அவனிடம் இல்லையே, அதனால் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். ஐந்தாவது நாள் மருமகள் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது முதல் தடவை. உங்களுக்கு ஆறுதலா இருக்கு. அவர் தினம் புதுசா அடி வாங்குறார்."

நிறுத்திவிட்டேன். அவள் சொன்னது சரி.

இப்போது செய்வது ஒன்றுதான். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து கையால் தாளம் போட்டுச் சொல்கட்டு சொல்கிறோம். முடிக்கும்போது நான் இரண்டு மாத்திரைக் கார்வை விடுகிறேன். சேர்ந்து வந்து இறங்குகிறோம். அவன் "ஆஹா" என்கிறான்.

8 செப்டம்பர் 2024

ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் எழுதிய நியூயார்க் பையனைப் பற்றி நினைவூட்டியவருக்கு: ஆமாம், எனக்கும் அதுதான் மிக நெருக்கம். அவனும் இளவயதில் வீட்டைவிட்டுப் போனவன். மூளையில் கட்டி வந்து கண்ணும் போய், நினைவும் 1960களோடு நின்றுவிட்டது. 1991இல் சாக்ஸ் அவனை அவனுக்கு உயிரான இசைக்குழுவின் கச்சேரிக்கு, மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு அழைத்துப் போனார். கூத்தாடித் தீர்த்தான். மறுநாள் கேட்டால் அந்த அரங்குக்கு நான் போனதே இல்லை என்றான்.

இதைப் படித்துவிட்டு 'அப்புறம் எதற்குக் கச்சேரி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, கச்சேரி நடக்கும்போது அவன் சந்தோஷமாக இருந்தானே. எனக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் மகன் இருக்கிறான். மறுநாள் அவனுக்கு அது இல்லாவிட்டால் என்ன, எனக்கு இருக்கிறது. நான் வைத்துக்கொள்கிறேன்.

புதிதாகக் கற்றுக்கொள்வானா என்றும் கேட்டீர்கள். கொஞ்சம் முடிகிறது. 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்துகொண்டு நினைவை இழந்த ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதை மூன்று நாளில் கற்றுக்கொண்டார், கற்றதே தெரியாமல். என் மகனுக்கு இந்த வருஷம் ஒரு மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) ஜதி சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதம் பிடித்தது. இப்போது வாசிக்கிறான். "இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்றால் "நீங்கதான், சின்ன வயசுல" என்கிறான்.

மருமகளை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எப்போது மாறியது என்று அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

21 செப்டம்பர் 2024

புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயிலில் வாசித்துவிட்டு வந்து தவிலைத் திண்ணையில் வைத்தேன். உள்ளே போய்க் கால் கழுவிவிட்டு வருவதற்குள் அவன் குச்சியை எடுத்திருந்தான். இடது கையில் பிடித்துத் தொப்பியில், அதாவது தவிலின் இடது பக்கத்தில், நான்கு தட்டு தட்டினான். அப்புறம் என்னிடம் நீட்டினான். நான் வாங்கினேன். விரல் மடங்கவில்லை. நான் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

22 செப்டம்பர் 2024

இன்று மடங்கியது. குச்சியைத் தவில் உறைக்குள் போட்டுவிட்டுக் கையால் வாசித்தோம்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்கள் தம்பி எந்த வருஷத்துப் பாட்டு கேட்பான் என்று அவன் பழைய சிநேகிதர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்பாவுக்குத் தெரிந்திருக்காது.